பழைய லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்: புளூ-ரே வாங்கலாமா, ஸ்ட்ரீமிங்கே போதுமா?

விண்மீன்_வாசகன் கேட்டது:

1988-ல் ஆரம்பித்த பழைய தொடரைத்தான் சொல்கிறேன், 2018-ல் வந்த ரீமேக்கை இல்லை. 110 எபிசோடையும் ஸ்ட்ரீமிங்கில் பார்த்து முடித்தாகிவிட்டது, முடித்த கையோடு திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன், அந்த அளவுக்குப் பைத்தியம். பெரியவர்களுக்கான அனிமே என்றாலே ரத்தம், ஆபாசம் என்று முடிவுகட்டி வைத்திருப்பவர்களைப் பிடித்து உட்கார வைத்து இதைத்தான் காட்ட வேண்டும். ஊழல் மலிந்த ஜனநாயகம் மேலா, திறமைசாலி ஒருவனின் சர்வாதிகாரம் மேலா என்று 45 மணி நேரத்துக்கு மேல் வாக்குவாதம், நடுநடுவே விண்வெளிப் போர். இரண்டு பக்கத்திலும் நல்லவனும் இருக்கிறான், அயோக்கியனும் இருக்கிறான், பாதிக் கதை மேஜைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து தேநீரோ பிராந்தியோ குடித்துக்கொண்டு பேசுவதிலேயே போகிறது, ஆனாலும் எழுந்து போக மனசு வரவில்லை.

இப்போது இதைத் தட்டாகவே வாங்கி வைத்துக்கொள்ள ஆசை. கேள்வி இதுதான். அந்தக் காலத்துப் படத்துக்குப் புளூ-ரே என்பதெல்லாம் வெறும் விளம்பரமா, இல்லை நிஜமாகவே படம் தெளிவாக இருக்குமா? ஸ்ட்ரீமிங்கில் விண்வெளிக் காட்சிகளில் கறுப்புப் பகுதி முழுக்கக் கட்டம் கட்டமாக உடைகிறது, அது தட்டில் போகுமா? அப்புறம், சில காட்சிகளைப் பின்னாளில் மாற்றி வரைந்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா?

படச்சுருள்:

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: விளம்பரம் இல்லை. இந்த விஷயத்தில் வயது முக்கியமில்லை, எதில் எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். செல்லுலாய்டுத் தாளில் வரைந்து, வண்ணம் பூசி, ஒவ்வொரு பிரேமாகக் கேமராவில் ஃபிலிமில் பிடித்த தொடர் இது. வீடியோ டேப்பில் வெளியானது என்பதால் டேப்பின் தரம்தான் மூலத்தின் தரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபிலிமில் இருந்தது டேப்பில் இறங்கும்போது பாதிக்கு மேல் காணாமல் போய்விடும், ஆனால் ஃபிலிமிலேயே அது இல்லை என்று ஆகிவிடாது. மறுபடி நல்ல ஸ்கேனரில் போட்டு எடுத்தால், 1988-ல் வீட்டில் யாரும் பார்த்திராத கோடுகள் எல்லாம் தெரியும்.

கதையின் இரண்டு நாயகர்களில் ஒருவனான ரைன்ஹார்டின் முடியைப் பாருங்கள். டிவிடியில் மஞ்சளாக ஒரு திட்டு, அதில் இரண்டு நிழல். நல்ல ஸ்கேனில் அந்த நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே மையால் இழுத்த மெல்லிய கோடு தனியாகத் தெரியும், சில இடங்களில் செல் தாளின் மேல் ஒட்டிக்கொண்ட தூசிகூடத் தெரியும். அது குறை இல்லை, கையால் செய்த வேலையின் அடையாளம். எனக்கு அந்தத் தூசி பிடிக்கும், பிடிக்காதவர்களும் உண்டு.

கட்டம் கட்டமாக உடைவது ஸ்ட்ரீமிங்கின் வியாதி. கறுப்பிலிருந்து நீலத்துக்கு மெதுவாக மாறும் இடத்தில் பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் தரவு, போதவில்லை என்றால் அந்த மாற்றம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். விண்வெளிப் படத்தில் பாதி நேரம் திரையில் இருப்பதே அந்த மாதிரி இடங்கள்தான். புளூ-ரேயில் வீடியோவுக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு, அதோடு ஃபிலிமின் மணிமணியான கிரெய்னே அந்தப் படிகளை மறைத்துவிடும். கிரெய்னைத் துடைத்தெடுத்தால்தான் படி வெளியே தெரியும்.

அதனால்தான் பழைய அனிமே எதை வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது இரைச்சல் நீக்கம், அதாவது கிரெய்னை மென்பொருளால் துடைக்கிற வேலை, எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று. மென்பொருளுக்குக் கிரெய்னும் ஒன்றுதான், தூரத்து நட்சத்திரமும் ஒன்றுதான், இரண்டும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. கொஞ்சம் ஆவேசமாகத் துடைத்தால் நட்சத்திரமும் சேர்ந்து போய்விடும், ஆயிரக்கணக்கான கப்பல்கள் அணிவகுக்கும் ஷாட்டில் பின்வரிசைக் கப்பல் எல்லாம் பிசைந்த மாவாகிவிடும்.

நடுராத்திரி_கேப்டன்:

படச்சுருள் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் விலையையும் சொல்லிவிடுங்கள் அண்ணே, பையன் கனவு கண்டுகொண்டிருக்கிறான். அமெரிக்காவில் சென்டை ஃபிலிம்வொர்க்ஸ் 2015-ல் உரிமம் வாங்கியது, 2018-ல் பெரிய பெட்டியாகப் போட்டபோது அறிவித்த விலை 800 டாலரை ஒட்டி. அதுவும் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்ட பிரீமியம் பதிப்பு. மறுவிற்பனையில் யார் என்ன விலை கேட்கிறார்களோ அதுதான் விலை.

ஆனாலும் வாங்கு தம்பி என்றுதான் நானும் சொல்வேன். உரிமம் முடிந்தால் ஸ்ட்ரீமிங்கில் ஒருநாள் ராத்திரி சத்தமில்லாமல் தூக்கிவிடுவார்கள். அலமாரியில் இருப்பதை யாரும் தூக்க முடியாது. (வீடு மாறும்போது தூக்க வேண்டியது நாம்தான், அது வேறு கதை.)

லேசர்தட்டு:

மாற்றி வரைந்த விஷயத்துக்கு நான் வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு.

உண்மைதான். ஜப்பானில் டிவிடிக்காகத் தொடரைச் செப்பனிட்டபோது பல காட்சிகளைப் புதிதாக வரைந்து சேர்த்தார்கள். ஆரம்ப எபிசோடுகளில் இது நன்றாகவே தெரியும். பின்னால் வந்த புளூ-ரேயிலும் அந்த வடிவம்தான். நீங்கள் ஸ்ட்ரீமிங்கில் பார்த்ததும் அதேதான், அதனால் உங்கள் கண்ணுக்கு உறுத்தியிருக்காது. டிவிடிக்கு முன்பு இருந்த பழைய லேசர் டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்: ஒரு ஷாட்டில் முகம் 1988-ன் முகம், கோடு தடிமனாக, நிறம் கொஞ்சம் மங்கலாக, அடுத்த ஷாட்டில் அதே ஆள், கோடு மெலிந்து, நிறம் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக. பேச்சு மட்டும் அறுபடாமல் போய்க்கொண்டிருக்கும்.

இதில் எனக்கு ஏன் ஆதங்கம் என்றால், இந்தத் தொடருக்கு ஹோம் வீடியோதான் பிறந்த வீடு. சாதாரணமாக ஒரு தொடர் டிவியில் வரும், அப்புறம் டேப்பாகும். இது டிவிக்காக எடுத்ததே இல்லை. 1983 டிசம்பரில் டல்லோஸ் என்ற அனிமே வந்து நேரடி வீடியோ என்ற வழியைத் திறந்துவிட்டது, மமோரு ஒஷி இயக்கியது. அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷத்தில் டிவி நிறுவனத்தையும் பொம்மைக் கம்பெனியையும் கேட்காமல், பார்க்கிறவர்களிடமே காசு வாங்கிப் படம் எடுக்கலாம் என்று ஆனது. அந்த வழியில் வந்ததில் இதுதான் பிரம்மாண்டம். முதல் பருவத்து 26 எபிசோடும் சந்தா கட்டியவர்களுக்குத் தபாலில் வாராவாரம் டேப்பாகப் போனது. யோசித்துப் பாருங்கள், வார இதழ் மாதிரி வீட்டுக்கு வரும் கேசட். ரோபோ இல்லை, விற்க பொம்மை இல்லை, வயசுக்கு வந்தவர்கள் அரசியல் பேசுகிறார்கள், அதற்கு 1988-ல் தபால் சந்தா! டிவிக்காரன் எவனும் இதற்கு நேரம் ஒதுக்கியிருக்க மாட்டான்.

அப்படியே போய் 1991-92, 1994-95, 1996-97 என்று நாலு பருவம், கடைசி எபிசோடு வந்தது 1997 மார்ச். யொஷிகி தனாகாவின் மூல நாவல் 10 பாகத்தையும் முழுசாக எடுத்து முடித்தார்கள். இயக்குநர் நொபோரு இஷிகுரோ அதற்கு முன்பே விண்வெளிக் கப்பல் யமாட்டோவிலும் மேக்ராஸிலும் பழம் தின்று கொட்டை போட்டவர். அப்படிப்பட்டவர்கள் செய்த வேலையை ஏன் தொட வேண்டும்? அந்த டேப்பிலும் லேசர் டிஸ்க்கிலும் இருந்ததுதான் மூலம். மாற்றியது மாற்றியதாக இருக்கட்டும், பழையதையும் கூடவே ஒரு தட்டில் போட்டுக் கொடுத்திருந்தால் யார் வேண்டாம் என்றார்கள்?

விண்மீன்_வாசகன்:

அடேங்கப்பா, சந்தா விஷயம் எனக்குப் புதுசு. அப்போ லேசர் டிஸ்க் தேடுவதுதான் வழியா? பிளேயருக்கு எங்கே போவது?

பாட்டுக்காரி:

வேண்டாம் சகோ, அந்தப் பக்கமே போகாதீர்கள். லேசர்தட்டு சார் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். லேசர் டிஸ்க் பார்க்கத்தான் பெரிய வெள்ளித் தட்டு, உள்ளே வீடியோ அனலாக். அதிலும் சில தட்டுகளில் இரண்டு பக்கத்தையும் ஒட்டியிருக்கும் பசை வழியாகக் காற்று புகுந்து அலுமினியப் பூச்சு அரித்துப்போகும், திரை முழுக்கப் பொரிப் பொரியாகப் புள்ளி வரும். பிளேயர் பழுதானால் சரிசெய்ய ஆளும் இல்லை, பாகமும் இல்லை. மாற்றாத காட்சிக்காக மற்ற 40 மணி நேரத்தையும் மங்கலாகப் பார்ப்பதா? அது ஆராய்ச்சிக்காரர்கள் செய்கிற வேலை.

இன்னொன்று, மாற்றி வரைந்ததில் எல்லாமே மோசம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் பருவம் வாராவாரம் டேப் அனுப்பும் அவசரத்தில் வந்தது, சில இடங்களில் முகம் கோணல், கப்பல் அசையும்போது கை நடுக்கம் தெரியும். திருத்தியதில் பாதி நியாயமான திருத்தம்தான்.

நான் வந்தது ஒலியைப் பற்றிச் சொல்ல. யாருமே அதைப் பேசவில்லை. இந்தத் தொடரில் பின்னணி இசை என்று தனியாக ஒருத்தர் உட்கார்ந்து போட்டது கொஞ்சம்தான், பெரும்பகுதி மாலர், புரூக்னர், ஷொஸ்டகோவிச், த்வோர்ஷாக் என்று மேற்கத்தியச் செவ்வியல் இசைதான். தொடரின் தயாரிப்பில் இருந்த தொகுமா குழுமத்திடம் கிழக்கு ஜெர்மனி ஒலிப்பதிவுகளின் உரிமை இருந்தது, அந்தக் களஞ்சியத்தில் கைவைத்துத் தாராளமாக அள்ளினார்கள். 1988 பிப்ரவரியில் தொடருக்கு முன்னோட்டமாக வந்த திரைப்படத்தில் ஒரு கடற்படைப் போர் முழுவதும் ரவேலின் பொலேரோவுக்கு மேல் நடக்கும். கடற்படை என்று பழக்கத்தில் வந்துவிட்டது, விண்கப்பல்தான். பொலேரோ எப்படி என்று தெரியும் இல்லையா, காதுக்கு எட்டுமா எட்டாதா என்று டிரம் தட்டலில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் கூரை பிய்த்துக்கொள்ளும். ஸ்ட்ரீமிங்கின் சுருக்கின ஒலியில் அந்த ஆரம்பத் தட்டல் கீழே புதைந்துவிடுகிறது. வால்யூமைக் கூட்டினால் பத்து நிமிஷம் கழித்து பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். சுருக்காத ஒலியில், நல்ல ஹெட்போனில், அந்த ஏற்றம் படியே இல்லாமல் ஏறும். புளூ-ரே வாங்க எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

குரல்களும் அப்படித்தான். ஜப்பானில் இதற்குப் பட்டப்பெயரே குரல் நடிகர்களின் வீரகாவியம் என்கிற மாதிரி ஒன்று உண்டு, அந்த அளவுக்கு அந்தக் காலத்துப் பெரிய குரல் எல்லாம் இதில் எங்கேயாவது இரண்டு வரியாவது பேசியிருக்கும். இன்னொரு நாயகன் யாங் வென்-லிக்குப் பேசிய கெய் தொமியாமா 1995-ல் காலமானார். பின்னால் 1998-லிருந்து 2000 வரை வந்த 52 எபிசோடு கிளைக்கதையில் யாங்குக்கு வேறு குரல். அந்த மாற்றம் காதுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும், ஆனால் பழகிவிடும்.

படச்சுருள்:

பாட்டுக்காரி சொன்ன இசைக்கு ஒரு லைக். லேசர்தட்டு சொன்ன ஆதங்கமும் நியாயம்தான், ஆனால் வாங்கப்போகிறவருக்கு அது முடிவை மாற்றும் காரணம் இல்லை. மாற்றிய ஷாட்கள் மொத்தத்தில் சிறு பகுதி. மீதி எல்லாம் ஃபிலிமில் இருந்த அதே படம், டேப்பில் ஒருகாலும் தெரியாத தெளிவில்.

இன்னொரு நல்ல விஷயம், பழைய டிவியின் 4:3 திரை வடிவத்தை 4:3-ஆகவே விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், பதற வேண்டாம். டிராகன் பால் இசட்டுக்கு அமெரிக்காவில் நடந்தது ஞாபகம் இருக்கும்: அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டி, கோகுவின் முடி நுனியையே காணவில்லை. இங்கே ஐசர்லோன் என்ற விண்வெளிக் கோட்டை முழு உருண்டையாகவே இருக்கிறது.

நடுராத்திரி_கேப்டன்:

கவ்பாய் பிபாப்பையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் பெரியவர்கள் தொடர், அதற்கும் ஹோம் வீடியோதான் கைகொடுத்தது. 1998-ல் டிவி டோக்கியோவில் முழுசாக வரவே இல்லை, 12 கதையும் ஒரு தொகுப்பு எபிசோடும் போட்டு நிறுத்திவிட்டார்கள், அப்புறம் வவ்வாவ் என்ற கட்டணச் சேனலில்தான் 26-ம் ஓடியது. அதுவும் ஃபிலிம், அதன் புளூ-ரேயும் அருமை.

ஆனால் தம்பி, இந்த ருசியில் எல்லாப் பழைய அனிமேக்கும் புளூ-ரே வாங்கக் கிளம்பிவிடாதே. 2000-ஐ ஒட்டி ஒவ்வொரு ஸ்டுடியோவாகச் செல் தாளை விட்டுக் கணினியில் வண்ணம் பூச ஆரம்பித்தார்கள். அந்த முதல் சில வருஷத்துத் தொடர்கள் பல, டிவி அளவிலேயே கணினியில் உருவானவை. ஃபிலிமே கிடையாது, மறுபடி ஸ்கேன் செய்ய எதுவும் இல்லை. அதைப் புளூ-ரேயில் போட்டால் ஊதிப் பெரிதாக்கியதுதான். 1988 தொடர் 2002 தொடரைவிடத் தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான், கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

விண்மீன்_வாசகன்:

சரி, முடிவாகிவிட்டது, புளூ-ரேதான். ஜப்பான் பதிப்பா, அமெரிக்கப் பதிப்பா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அப்புறம் பழைய கைமாறிய பெட்டி வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

லேசர்தட்டு:

ஜப்பானிய மொழி புரியும் என்றால் ஒழிய அமெரிக்கப் பதிப்பு. ஜப்பான் தட்டில் பெரும்பாலும் வேற்று மொழி சப்டைட்டிலே இருக்காது. இந்தத் தொடரில் ஒவ்வொரு புது ஆளும் திரையில் வரும்போது பேரும் பதவியும் எழுத்தில் வேறு வரும், நூற்றுக்கணக்கான பேர், அது படிக்க முடியவில்லை என்றால் யார் எந்தப் பக்கம் என்றே தலை சுற்றும். ஆங்கில டப்பிங் கிடையாது, சப்டைட்டில் மட்டும்தான். எந்த நாட்டுத் தட்டு எந்தப் பிளேயரில் ஓடும் என்று புளூ-ரேயை ஏ, பி, சி என்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள்; இரண்டு நாட்டுத் தட்டும் ஏ மண்டலம், அதனால் பிளேயர் ஒன்றே போதும். உங்கள் பிளேயர் பி-யோ சி-யோ என்றால் எல்லா மண்டலமும் படிக்கிற பிளேயர் ஒன்று தேவைப்படும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கைமாறிய பெட்டியில் முதலில் போலியா என்று பாருங்கள். எனக்கு ஒரு விற்பனையாளர் ஒரிஜினல் என்று சத்தியம் செய்து ஒரு டிவிடி பெட்டி அனுப்பினார், பிரித்துப் பார்த்தால் 110 எபிசோடும் பத்தே தட்டில். ஒழுங்கான டிவிடியில் நாலைந்து எபிசோடுக்கு மேல் போட மாட்டார்கள், பதினொன்று போட்டால் படம் பிழிந்த துணிதான். திருப்பி அனுப்பிக் காசு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் தட்டு எத்தனை என்று முன்பே கேளுங்கள், தட்டின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் எழுதின தட்டு நிறத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பாட்டுக்காரி:

வந்ததும் எல்லாத் தட்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், முதல் தட்டை மட்டும் பார்த்துவிட்டு அலமாரியில் அடுக்காதீர்கள். இத்தனை தட்டில் ஒன்று கோளாறாக இருந்தால் அது எப்படியும் மூன்றாம் பருவத்தில்தான் இருக்கும், நீங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்திருக்கும்.

வரிசை கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், அடுத்த தடவை பொலேரோ வரும் 1988 படத்தை முதலில் பாருங்கள். அது முதல் எபிசோடுக்கு முந்தைய கதை. 1993-ல் வந்த இன்னொரு படம் முதல் இரண்டு எபிசோடையே விரிவாகத் திரும்பச் சொல்கிறது, அதைப் பார்த்துவிட்டு நேராக மூன்றாவது எபிசோடுக்குப் போகலாம். கிளைக்கதைகளைக் கடைசிக்கு வையுங்கள். அடுத்த எபிசோடு முன்னோட்டம் வந்தால் மட்டும் ரிமோட்டைக் கையில் வைத்திருங்கள். இந்தத் தொடரின் கதைசொல்லிக்கு ரகசியம் காக்கவே தெரியாது, யார் சாகப்போகிறார் என்று அவரே வாய்விட்டுச் சொல்லிவிடுவார். உங்களுக்கு எல்லாம் தெரியும், சரி. கூட உட்கார்ந்து புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகச் சொன்னேன்.

விண்மீன்_வாசகன்:

அந்தக் கதைசொல்லியிடம் நான் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவன்தான்! ரொம்ப நன்றி எல்லோருக்கும். விற்கிறவரிடம் தட்டு எண்ணிக்கையும் அடிப்பக்கப் படமும் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.